நோயின் காரணியைக் கண்ணுக்குக் காட்டிய கிராம வைத்தியர் ரொபேர்ட் கொக்

இரண்டு வாரங்களுக்கு மேலாக இருமல் நீடிக்கும் ஒருவர் நமது நாட்டின் மார்புநோய்ச் சிகிச்சை நிலையமொன்றுக்குச் செல்வாராயின், அங்கு அவரிடம் முதலில் கேட்கப்படுவது சளி மாதிரியாகும். ஆய்வுகூடத்தில் அச்சளி கண்ணாடித் தகடொன்றில் மெல்லியதாகப் பூசப்பட்டு, சிவப்புச் சாயமேற்றிச் சூடாக்கப்பட்டு, அமிலத்தினால் கழுவப்பட்டு, பின்னர் நீலச் சாயத்தில் தோய்க்கப்படுகின்றது. நுணுக்குக்காட்டியின் கீழ் நீலப் பின்னணியில் சிவந்த மெல்லிய கோல்கள் தென்படுமாயின், அந்நோயாளி காசநோயாளியாகவே கருதப்பட்டுச் சிகிச்சை ஆரம்பிக்கப்படுகின்றது. மரபணுவைக் கொண்டு சில மணித்தியாலங்களில் முடிவு கூறும் நவீன கருவிகள் இன்று வந்துவிட்ட போதிலும் இப்பழைய பரிசோதனை கைவிடப்படவில்லை. சாயமேற்றும் முறை பிற்காலத்தில் ஏனையோரால் செம்மைப்படுத்தப்பட்டதாயினும், அந்தக் கோல்களை உலகில் முதன்முதலாகக் கண்டு, காசநோய்க்குக் காரணம் அவையே என ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவர் ஜேர்மனியைச் சேர்ந்த வைத்தியர் ரொபேர்ட் கொக் ஆவார். அவர் தமது கண்டுபிடிப்பை அறிவித்த மார்ச் 24 ஆம் திகதியே உலக காசநோய் தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருகின்றது.

கொக்கின் பெயர் பாடப்புத்தகங்களில் பெரும்பாலும் இரண்டு வரிகளுக்குள் அடங்கிவிடுகின்றது. கண்டுபிடித்தார், நோபல் பரிசு பெற்றார் என்பதோடு மாணவர்கள் அடுத்த பாடத்துக்குச் சென்றுவிடுகின்றனர். ஆனால் அவருடைய வாழ்க்கை அவ்வளவு நேரானதன்று. ஒரே மனிதர் பல இலட்சம் உயிர்களைக் காப்பதற்கான வழியைத் திறந்தவராகவும், நம்பி வந்த நோயாளரைப் பெரும் ஏமாற்றத்துக்குள் தள்ளியவராகவும் இருந்தார் என்பதை இரண்டு வரிகள் கூறமாட்டா.

ரொபேர்ட் கொக் 1843 ஆம் ஆண்டு டிசம்பர் 11 ஆம் திகதி ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியிலுள்ள கிளவுஸ்தால் என்னும் சுரங்க நகரில் பிறந்தார். தந்தையார் சுரங்கத்துறை அதிகாரி. பிள்ளைகள் பதின்மூவர், அவர்களுள் கொக் மூன்றாமவர். ஐந்து வயதிலேயே செய்தித்தாள்களைப் பார்த்துத் தாமாகவே வாசிக்கக் கற்றுக்கொண்டார் என்று கூறப்படுவதுண்டு. பத்திரிகைக்காரர்களாகிய நமக்கு இக்கதை இனிக்கத்தான் செய்கின்றது. 1862 இல் கொட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர் விரைவிலேயே மருத்துவத்துறைக்கு மாறினார். அங்கு உடற்கூற்றியல் கற்பித்த பேராசிரியர் யாக்கோப் ஹென்லே, தொற்றுநோய்களுக்கு உயிருள்ள நுண்ணிய பொருள்களே காரணமாக இருத்தல் வேண்டும் என்று 1840 ஆம் ஆண்டிலேயே எழுதியவர். ஆயினும் அதை நிரூபிப்பதற்கான கருவியோ முறையோ அக்காலத்தில் இருக்கவில்லை. நோய்கள் கெட்ட காற்றினாலும் மண்ணின் நச்சாவியினாலும் உண்டாகின்றன என்பதே அன்றைய வைத்தியர்களுள் மிகப் பலரின் நம்பிக்கையாக இருந்தது.

1866 இல் மருத்துவப் பட்டம் பெற்ற கொக், ஹம்பர்க் பொது வைத்தியசாலையில் சிறிது காலம் பணியாற்றினார். அவ்வாண்டில் அந்நகரில் கொலரா பரவியிருந்தமையால் அந்நோயின் கொடுமையை இளவயதிலேயே நேரிற் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. கப்பல் வைத்தியராகி உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது அவரது இளமைக்கால ஆசை. 1867 இல் எம்மி பிராட்ஸ் என்னும் பெண்ணை மணந்தார். மறு ஆண்டில் ஒரு மகள் பிறந்தாள். கப்பற் கனவு அத்துடன் அடங்கியது. ஊர் ஊராக மாறிப் பிழைப்புத் தேடியலைந்த பின்னர், 1870 இல் பிரான்சுக்கு எதிரான போரில் இராணுவ வைத்தியராகச் சேவை புரிந்து, 1872 இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் மாவட்ட வைத்திய அதிகாரியாக நியமனம் பெற்றார். இன்று போலந்து நாட்டுக்குள் அமைந்திருக்கும் அச்சிற்றூரில் பல்கலைக்கழகமோ, நூலகமோ, ஆய்வுகூடமோ, கலந்து பேசுவதற்கு ஓர் அறிஞரோ இருக்கவில்லை. நோயாளரைப் பார்க்கும் அறையைத் திரைச்சீலையொன்றினால் இரண்டாகப் பிரித்து, மறுபாதியைக் கொக் தமது ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். அங்கிருந்த நுணுக்குக்காட்டி மனைவி எம்மி அவருக்குப் பரிசாக வழங்கியது என்பர்.

வோல்ஸ்டைன் பிரதேசத்தின் விவசாயிகளை அப்பொழுது வாட்டிய நோய் அந்த்ராக்ஸ். காலையில் நலமாக மேய்ந்த ஆடும் மாடும் மாலைக்குள் மடிந்து வீழ்ந்தன. மந்தைகளைத் தொட்டுப் பழகியோரையும் நோய் பற்றியது. இறந்த விலங்குகளின் குருதியில் கோல் வடிவான நுண்பொருள்கள் காணப்படுவதைப் பிரான்சைச் சேர்ந்த டாவெயின் போன்றோர் முன்னரே கண்டிருந்தனர். அவை நோய்க்குக் காரணமா, நோயின் விளைவா என்பதே வினா. அதைவிடப் பெரிய புதிர் வேறொன்றும் இருந்தது. நோய் கண்ட மேய்ச்சல் நிலத்தில் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் மந்தையை விட்டாலும் அவை மடிந்தன. உலர்ந்தவுடன் அழிந்துவிடும் மெல்லிய கோல்கள் மண்ணில் எவ்வாறு ஆண்டுக்கணக்கில் உயிர்வாழ முடியும்?

கொக் கையாண்ட உபகரணங்களை இன்றைய பாடசாலை ஆய்வுகூட மாணவன் பார்த்தால் நகைப்பான். ஊசிக்குப் பதிலாகச் சீவிய மரச்சிராய்களை நோயுற்ற விலங்கின் குருதியில் தோய்த்து எலிகளின் வாலடியில் செருகினார். எலிகள் மடிந்தன. அவற்றின் மண்ணீரலிலும் அதே கோல்கள் காணப்பட்டன. எலியிலிருந்து எலிக்கு எனப் பல தடவை மாற்றியபோதும் விளைவு மாறவில்லை. அடுத்து, இறைச்சிக்காக வெட்டப்பட்ட மாடுகளின் கண்களிலிருந்து தெளிந்த நீரை எடுத்து, அதனுள் கோல்களை இட்டு, உடற்சூட்டில் வைத்து, மணிக்கணக்காக நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருந்தார். கோல்கள் நீண்டு நூலிழைகளாகின. அந்த இழைகளுக்குள் மணிகள் கோத்தாற்போல் ஒளிரும் புள்ளிகள் தோன்றின. அவைதாம் வித்திகள். வறட்சியையும் குளிரையும் தாங்கி மண்ணுள் உறங்கி, மீண்டும் ஓர் உயிரின் உடலினுள் புகும்போது கோல்களாக விழித்தெழுபவை. புதிர் அவிழ்ந்தது.

பெயரறியாக் கிராம வைத்தியர் ஒருவரின் சொல்லை யார் நம்புவர்? கொக் அதையும் எண்ணிப் பார்த்திருத்தல் வேண்டும். பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் பற்றீரியாக்கள் பற்றி ஆராய்ந்து வந்த தாவரவியற் பேராசிரியர் பேர்டினண்ட் கோனுக்குக் கடிதம் எழுதி, 1876 ஏப்ரல் இறுதியில் எலிகளையும் உபகரணங்களையும் சுமந்துகொண்டு அவரிடமே சென்றார். நாட்கணக்கில் அங்கிருந்த அறிஞர்களின் கண் முன்னால் பரிசோதனை முழுவதையும் மீண்டும் செய்து காட்டினார். கோன் தமது சஞ்சிகையிலேயே அவ்வாண்டு கொக்கின் கட்டுரையை வெளியிட்டார். குறிப்பிட்ட ஒரு நுண்ணங்கி குறிப்பிட்ட ஒரு நோயை உண்டாக்குகின்றது என்பதற்கு முழுமையான முதற் சான்று அதுவே எனலாம். எந்தப் பேராசிரியர் பதவியும் இல்லாத ஒருவருக்குக் கதவு திறந்துவிட்ட கோனின் பெருந்தன்மையும் இங்கு நினைக்கத்தக்கது. அந்தப் பெருந்தன்மை எல்லாக் கல்விக்கூடங்களிலும் எல்லாக் காலத்திலும் கிடைப்பதில்லை.

1880 இல் பேர்லினிலுள்ள அரச சுகாதாரப் பணிமனைக்குக் கொக் அழைக்கப்பட்டார். அங்கு அவர் எதிர்கொண்ட முதற் பிரச்சினை, இன்றும் ஒவ்வொரு வைத்தியசாலை ஆய்வுகூடமும் நாள்தோறும் எதிர்கொள்வதாகும். ஒரு நோயாளியின் புண்ணிலோ, மலத்திலோ, சளியிலோ நூறு வகை நுண்ணங்கிகள் கலந்திருக்கும். அவற்றுள் குற்றவாளியை மட்டும் தனியே பிரித்தெடுப்பது எங்ஙனம்? இறைச்சிச் சாறு போன்ற திரவங்களில் வளர்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. அவித்து வெட்டிய உருளைக்கிழங்குத் துண்டின் மேற்பரப்பில் வெவ்வேறு நிறப் புள்ளிகளாக நுண்ணங்கிகள் வளர்வதைக் கொக் அவதானித்தார். ஒவ்வொரு புள்ளியையும் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது அதில் ஒரே இனம் மட்டுமே இருந்தது. திரவத்தில் ஓடிக் கலப்பவை திண்மப் பரப்பில் விழுந்த இடத்திலேயே நின்று பெருகுகின்றன என்பது அவருக்குப் புலனாயிற்று. இறைச்சிச் சாற்றுடன் ஜெலற்றினைச் சேர்த்துக் கண்ணாடித் தகட்டில் உறைய வைத்து, அதன் மேல் நுண்ணங்கிகளைக் கீறி வளர்க்கும் முறை அவ்வாறு பிறந்தது. 1881 ஓகஸ்டில் லண்டனில் நடைபெற்ற சர்வதேச மருத்துவ மாநாட்டில் அதை அவர் செய்து காட்டியபோது, பிரான்சின் பேரறிஞர் லூயி பாஸ்டர் அவரைக் கைபற்றிப் பாராட்டினார்.

ஜெலற்றினுக்கு ஒரு குறை உண்டு. உடற்சூட்டில் அது உருகிவிடும். சில பற்றீரியாக்கள் அதைக் கரைத்தும் விடும். அதற்கு மாற்றுக் கூறியவர் ஒரு குடும்பப் பெண். கொக்கின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி பன்னி ஹெஸ்ஸே, தாம் பழப்பாகும் இனிப்பும் உறையச் செய்வதற்குப் பயன்படுத்தும் ஏகாரை முயன்று பார்க்கலாமே என்றார். யாவாத் தீவில் வாழ்ந்த அனுபவமுள்ள அயலவரிடமிருந்து அவர் அதனை அறிந்திருந்தார் என்பர். ஏகார் வேறொன்றுமன்று, நமது முஸ்லிம் சகோதரர் இல்லங்களில் நோன்பு காலத்தில் இப்தார் மேசைக்கு வரும் கடற்பாசியின் இனத்தைச் சேர்ந்ததே. ஆசியாவின் கரையோரச் சமையலறைப் பொருளொன்று பேர்லின் வழியாக உலகின் எல்லா ஆய்வுகூடங்களுக்கும் சென்ற கதை இது. கொக்கின் மற்றோர் உதவியாளரான பெத்திரி 1887 இல் மூடியுடன் கூடிய தட்டையான கண்ணாடிக் கிண்ணத்தை வடிவமைத்தார். ஏகார் நிரப்பிய பெத்திரிக் கிண்ணம் இன்றி இன்று எந்த வைத்தியசாலை நுண்ணுயிரியல் பிரிவும் இயங்குவதில்லை. கிண்ணத்தின் பெயரில் பெத்திரி வாழ்கின்றார். ஏகாரைத் தந்த பெண்மணிக்கோ அவர் வாழ்ந்த காலத்தில் பெயரும் கிட்டவில்லை, பொருளும் கிட்டவில்லை.

இனிக் காசநோய்க்கு வருவோம். அக்காலத்தில் மனித இறப்புகளில் ஏழில் ஒன்றுக்கு அந்நோயே காரணம் எனக் கணிக்கப்பட்டிருந்தது. குடும்பம் குடும்பமாக அது வந்தமையால் பரம்பரை நோயென்றே பலரும் நம்பினர். வறுமையும் மெலிந்த உடல்வாகும் காரணம் என்றனர். காசநோயாளியின் திசுவில் நுண்ணங்கியைத் தேடியோர் எதையும் காணவில்லை. ஏனெனில் மெழுகு போன்ற உறையுடைய அந்தப் பற்றீரியா சாதாரண சாயத்தை ஏற்பதில்லை. கொக் மெதிலீன் நீலத்துடன் காரத்தைச் சேர்த்து நீண்ட நேரம் ஊறவைத்து, பின்னர் கபிலச் சாயத்தால் பின்னணியை மாற்றியபோது, மெல்லிய, சற்றே வளைந்த நீலக் கோல்கள் தெரிந்தன. கண்டது போதாது, வளர்த்தும் காட்ட வேண்டும். ஏனைய பற்றீரியாக்கள் ஓரிரு நாட்களில் வளர்ந்துவிடும். இதுவோ வாரங்கள் எடுத்தது. சூடாக்கி உறையவைத்த குருதிப் பாயத்தின் மீது இட்டு, ஒன்றும் தெரியாத கிண்ணங்களைத் தூக்கியெறியாமல் காத்திருந்த பொறுமையே கொக்கின் வெற்றி என்று கூறினால் மிகையாகாது. வளர்ந்ததை எடுத்துக் கினிப்பன்றிகளுக்கு ஏற்றியபோது அவற்றுக்குக் காசநோய் உண்டாயிற்று.

1882 மார்ச் 24 ஆம் திகதி மாலை, பேர்லின் உடற்றொழிலியற் சங்கத்தின் கூட்டம் சிறியதோர் அறையில் கூடியது. கொக் சிறந்த பேச்சாளர் அல்லர். மெதுவாகவும் தயங்கியும் பேசுபவர். ஆனால் நூற்றுக்கணக்கான தகடுகளையும் வளர்ப்புக் குழாய்களையும் மேசைகளில் அடுக்கி வைத்திருந்தார். பேச்சு முடிந்ததும் எவரும் வினாத் தொடுக்கவில்லை, கைதட்டவும் இல்லை. சபை பேச்சற்றிருந்தது. ஒருவர் பின் ஒருவராக எழுந்து நுணுக்குக்காட்டிகளின் அருகே சென்றனர்.

அச்சபையில் போல் எர்லிக் என்னும் இளம் வைத்தியரும் இருந்தார். அந்த மாலையைத் தமது அறிவியல் வாழ்வின் மிகப்பெரிய அனுபவமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். உடனடியாகச் சாயமேற்றும் முறையைத் திருத்த முனைந்த அவர், அப்பற்றீரியா ஒருமுறை ஏற்ற சாயத்தை அமிலத்துக்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்பதைக் கண்டார். அதன் மேல் சீல், நீல்சன் என்னும் இருவர் செய்த திருத்தங்களே இன்று நமது ஆய்வுகூடங்களில் வழக்கிலுள்ளன. சில ஆண்டுகளின் பின் எர்லிக் தமது சளியையே பரிசோதித்து அதில் அக்கோல்களைக் கண்டு, ஓய்வுக்காக எகிப்து சென்று குணமடைந்து திரும்பினார் என்பது மனதைத் தொடும் தகவலாகும்.

ஒரு நுண்ணங்கியை நோயின் காரணி எனக் கூறுவதற்கு வேண்டிய நிபந்தனைகள் கொக்கின் எடுகோள்கள் என நமது உயர்தர மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகின்றன. அது நோயாளியில் காணப்பட வேண்டும். தனியே பிரித்துத் தூயதாக வளர்க்கப்பட வேண்டும். அவ்வளர்ப்பை நலமான விலங்குக்கு ஏற்றினால் அதே நோய் உண்டாக வேண்டும். அவ்விலங்கிலிருந்து அதே நுண்ணங்கி மீண்டும் பெறப்பட வேண்டும். அந்த விதிகள் முதலில் இடறியது கொலராவில்.

1883 இல் எகிப்தில் கொலரா பரவியபோது ஜேர்மனியும் பிரான்சும் போட்டி போட்டுக்கொண்டு ஆய்வுக்குழுக்களை அலெக்சாண்டிரியாவுக்கு அனுப்பின. இதற்கு முந்திய ஆண்டில் ஜெனீவா மாநாடொன்றில் பாஸ்டரும் கொக்கும் பகையாகியிருந்தனர். ஜேர்மனியரின் ஆய்வுத் தொகுப்பு எனப் பாஸ்டர் பிரெஞ்சு மொழியிற் கூறியது, அதையொத்த ஒலியுடைய மற்றொரு சொல்லினால் ஜேர்மனியரின் ஆணவம் எனக் கொக்கின் காதில் விழுந்தது என்பர். ஒரு சொல்லின் மயக்கம் இரு பேரறிஞர்களைப் பிரித்தது. இரு நாடுகளின் போர்ப்பகை அதற்கு நெய் வார்த்தது. ஆயினும் அலெக்சாண்டிரியாவில் பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த இளைஞர் லூயி துயிலியே கொலராவுக்கே பலியானபோது, கொக் தமது குழுவினருடன் இறுதிச் சடங்கில் பங்குபற்றி மலர்வளையம் சாத்தினார்.

எகிப்தில் நோய் தணிந்ததால் கொக் நோயின் தாயகமெனக் கருதப்பட்ட வங்காளத்தை நாடி, 1883 டிசம்பரில் கல்கத்தாவை அடைந்தார். காற்புள்ளி போல் வளைந்த பற்றீரியாவை அங்கு நோயாளரின் குடலிலிருந்து தூயதாகப் பிரித்தெடுத்தார். குளங்களே அவரது கவனத்தை ஈர்த்தன. ஒரே குளத்தில் குளித்து, நோயாளியின் துணிகளைத் துவைத்து, அதே நீரைக் குடிக்கவும் எடுத்த மக்களிடையே நோய் பரவியதையும், அக்குளநீரில் அதே பற்றீரியா இருந்ததையும் அவர் காட்டினார். ஆனால் எவ்விலங்குக்கு ஏற்றியபோதும் கொலரா உண்டாகவில்லை. தமது சொந்த நிபந்தனையே நிறைவேறாத நிலையில், ஏனைய சான்றுகளின் பலத்தில் அவர் தீர்ப்பு வழங்கினார். தீர்ப்புச் சரியானதே. விலங்கில் அந்நோயை ஆராய்வதற்கு நம்பகமான வழியையும் அதற்குக் காரணமான நச்சுப்பொருளையும் 1950 களில் அதே கல்கத்தாவில் கண்டறிந்தவர் சம்பு நாத் டே என்னும் வங்காள விஞ்ஞானி. நோபல் பரிசு அவரை நாடவில்லை. இத்தாலியரான பிலிப்போ பாசினி அப்பற்றீரியாவை 1854 இலேயே கண்டு எழுதியிருந்ததையும் உலகு மறந்திருந்தது.

பிரித்தானிய ஆட்சியாளர் கொக்கின் முடிவை விரும்பவில்லை. கொலரா மனிதருடன் பயணம் செய்கின்றதென ஒப்புக்கொண்டால் இந்தியாவிலிருந்து சூயஸ் வழியே செல்லும் கப்பல்களைத் தடுத்து வைக்க நேரும், வாணிபம் பாதிக்கப்படும். அவர்கள் அனுப்பிய ஆய்வுக்குழு கொக்கை மறுத்து அறிக்கை தந்தது. சரக்குக் கப்பல்களுக்காக வாதாடியோர் இருந்தனர். செங்கடலின் கமரான் தீவில் தடுத்து வைக்கப்பட்டுச் சொல்லொணா இன்னல்களுற்ற ஏழை ஹஜ் யாத்திரிகர்களுக்காகப் பேசியோர் மிகச் சிலரே. நோய் பற்றிய அறிவு வந்த பின்னரும் அதன் சுமை யார் தோளில் இறக்கப்படுகின்றது என்பது வேறு கணக்கு.

கொக் கூறியது மெய்யென்பதற்கு 1892 இல் ஹம்பர்க் நகரம் பயங்கரமான சாட்சி பகர்ந்தது. எல்பே ஆற்று நீரை வடிகட்டாமல் விநியோகித்த அச்செல்வ நகரில் சில வாரங்களுக்குள் 8,600 க்கும் மேற்பட்டோர் கொலராவினால் மாண்டனர். அதனை ஒட்டியிருந்த அல்தோனா நகரமோ ஹம்பர்க்கின் கழிவு கலந்த அதே ஆற்று நீரை மணலில் வடிகட்டி வழங்கியமையால் பெரும்பாலும் தப்பியது. எல்லைத் தெருவின் ஒரு பக்கத்தில் மரணம், மறுபக்கத்தில் நலம். மண்ணே காரணமென வாதாடிவந்த முதுபெரும் பேராசிரியர் பெட்டன்கோபர் அவ்வாண்டில் கொலராப் பற்றீரியா நிறைந்த திரவத்தைத் தாமே குடித்துக் காட்டினார். அவருக்குச் சிறிய வயிற்றோட்டம் மட்டுமே ஏற்பட்டது. தாம் வென்றதாகவே அவர் கருதினார். ஒரே நுண்ணங்கி உட்சென்றாலும் எல்லோருக்கும் ஒரே விளைவு இல்லை என்பதையும், நலமாக நடமாடுவோரும் நோய்க்காவிகளாக இருக்கலாம் என்பதையும் மருத்துவம் இதன் பின்னரே தெளிவாக உணரத் தலைப்பட்டது. நெருப்புக் காய்ச்சலைப் பரப்பும் அத்தகைய காவிகளைத் தேடும் பணியைக் கொக்கே பின்னர் முன்னின்று நடத்தினார்.

கல்கத்தாவிலிருந்து 1884 இல் வீரராகத் திரும்பியவருக்கு அரசு 100,000 மார்க்குகளைப் பரிசாக வழங்கியது. மறு ஆண்டில் பேர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். அவரது மாணாக்கர்களும் உதவியாளர்களும் நெருப்புக் காய்ச்சல், தொண்டைக்கரப்பான், ஏற்புவலி என ஒவ்வொரு நோயின் காரணியையும் அவர் வகுத்த முறையிலேயே வரிசையாகப் பிரித்தெடுத்தனர். பாரிஸில் பாஸ்டர் தடுப்பூசிகளால் புகழின் உச்சியில் இருந்தார். கொக்கிடம் காரணிகள் இருந்தன. குணப்படுத்தும் மருந்து ஒன்றுகூட இல்லை. இந்தக் குறையும், அரசின் அவசரமும், பாரிஸின் நிழலும் சேர்ந்தே அவரைச் சறுக்க வைத்தன என்பது எமது கணிப்பு.

1890 ஓகஸ்டில் பேர்லினில் நடைபெற்ற சர்வதேச மருத்துவ மாநாட்டில், காசநோய்க் கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் பொருளொன்றைத் தாம் கண்டுள்ளதாகக் கொக் அறிவித்தார். நவம்பரில் அதுபற்றிய கட்டுரை வெளியானது. ஆனால் அப்பொருள் யாது, எவ்வாறு செய்யப்படுகின்றது என்பது மறைக்கப்பட்டது. எந்தக் கொக் பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எலிகளைச் சுமந்துசென்று ஒவ்வொரு படியையும் பிறர் கண் முன் செய்து காட்டினாரோ, அதே கொக் இப்பொழுது இரகசிய மருந்து விற்பவரானார். அதன் வருமானத்தில் அவருக்குப் பெரும் எதிர்பார்ப்பு இருந்தது என்பதற்கும் ஆவணங்கள் உண்டு. ஐரோப்பாவின் எல்லாத் திசைகளிலிருந்தும் காசநோயாளர் புகைவண்டிகளில் பேர்லினுக்கு விரைந்தனர். விடுதிகள் நிரம்பி வழிந்தன. எழுந்து நடக்க இயலாதோரும் கடன்பட்டு வந்தனர். ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளால் பின்னர் உலகப்புகழ் பெற்ற வைத்தியர் ஆதர் கொனன் டொயிலும் வந்து பார்த்து, மருந்தின் பயனில் ஐயம் தெரிவித்து எழுதினார்.

சில மாதங்களுக்குள் உண்மை வெளிவந்தது. ஊசி ஏற்றப்பட்ட பலருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது, சிலர் இறந்தனர். இறந்தோரின் உடல்களை வெட்டிப் பார்த்த முதுபெரும் நோயியல் அறிஞர் விர்ச்சோ, மருந்து நோயைத் தணிக்காததோடு புதிய இடங்களிலும் நோய்த் தடயங்கள் இருப்பதைக் காட்டினார். 1891 ஜனவரியில் கொக் இரகசியத்தை வெளியிட்டபோது, அது கிளிசரின் கலந்து எடுக்கப்பட்ட காசநோய்க் கிருமியின் சாறு என்பது தெரியவந்தது. குணமடைந்தவையாகக் கூறப்பட்ட கினிப்பன்றிகளைக் காட்டுமாறு கேட்கப்பட்டபோது அவரால் தெளிவான விடை தர இயலவில்லை. அவர் எகிப்துக்குப் புறப்பட்டுச் சென்றார்.

மருந்தாகத் தோற்ற அச்சாறுதான் பின்னர் நோயறியும் கருவியாக மறுபிறவி எடுத்தது. 1907 இல் வியன்னாவின் பிர்கேயும், 1908 இல் பிரான்சின் மான்டூவும், சிறிதளவு டியூபர்குலினைத் தோலில் ஏற்றினால் அக்கிருமியை முன்னர் சந்தித்தவரின் தோல் தடித்து வீங்குகின்றது என்பதைப் பயன்படுத்தினர். நமது வைத்தியசாலைகளில் பிள்ளைகளின் முன்கையில் செய்யப்பட்டு, இரண்டு மூன்று நாட்களின் பின் அளவெடுக்கப்படும் மான்டூ பரிசோதனை அதுவே. தம்மை வீழ்த்திய பொருள் பயனுள்ளதாவதைக் கொக் தமது வாழ்நாளிலேயே கண்டார். 1890 இல் கடன்பட்டுப் பேர்லின் வந்தோருக்கு அதனால் என்ன ஆறுதல் என்று கேட்டால் விடையில்லை.

இந்தக் குழப்பத்தின் நடுவே அவரது குடும்பமும் குலைந்தது. ஹெட்விக் பிரைபேர்க் என்னும் இளம் ஓவிய மாணவி மீது காதல் கொண்ட கொக், 1893 இல் எம்மியை விவாகரத்துச் செய்து, தம்மைவிட ஏறக்குறைய முப்பது வயது இளையவரான அப்பெண்ணை மணந்தார். பேர்லின் உயர்குடிச் சமூகம் முகஞ்சுளித்தது. இதைக் கடந்து செல்வதே முறை.

1891 இல் அவருக்கெனத் தொற்றுநோய் நிறுவகம் அமைக்கப்பட்டது. இன்று அது அவரது பெயரையே தாங்கி, கொவிட் பெருந்தொற்றுக் காலத்தில் உலகச் செய்திகளில் நாள்தோறும் ஒலித்தது. கொக்கோ பேர்லினில் நிலைகொள்ளவில்லை. இளமையிற் கைவிட்ட கப்பற் கனவு முதுமையிற் கைகூடியது போலும். தென்னாபிரிக்காவில் மாட்டுநோய், 1897 இல் பம்பாயில் பிளேக், பின்னர் யாவாவிலும் நியூகினியிலும் மலேரியா என அலைந்தார். 1901 இல் லண்டனில், மாட்டுக் காசநோயினால் மனிதருக்கு அதிக ஆபத்தில்லை, பாலைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை என்ற கருத்தை வெளியிட்டார். சபையிலேயே எதிர்ப்பு எழுந்தது. பிரித்தானிய அரச ஆணைக்குழு நீண்ட ஆய்வின் பின் அவர் கூறியது தவறெனக் காட்டியது. பெரியவரின் சொல் என்பதற்காக அதை ஏற்றிருந்தால் எத்தனை பாலகர்கள் பலியாகியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். 1905 இல் காசநோய் ஆய்வுகளுக்காக நோபல் பரிசு கிடைத்தது.

அதற்கடுத்த ஆண்டில் அவர் சென்ற இடம் கிழக்காபிரிக்கா. விக்டோரியா ஏரியின் செசே தீவுகளில் உறக்க நோய் மக்களை அழித்துக்கொண்டிருந்தது. ஆர்செனிக் கலந்த அட்டொக்சில் என்னும் மருந்தை ஆயிரக்கணக்கான ஆபிரிக்க நோயாளருக்கு ஏற்றிய கொக், பலன் நிலைக்காததைக் கண்டு அளவைக் கூட்டினார். சிலர் நிரந்தரமாகப் பார்வை இழந்தனர். நோயுற்றோரைத் தனி முகாம்களில் அடைத்து வைக்கும் யோசனையையும் அவர் ஆதரித்தார். பேர்லின் நோயாளர்களுக்காக விர்ச்சோ இருந்தார், பத்திரிகைகள் இருந்தன, நாடாளுமன்றம் இருந்தது. செசே தீவின் பார்வையிழந்தோருக்காகக் கேள்வி கேட்க அன்று எவரும் இருக்கவில்லை. அண்மைய ஆண்டுகளில்தான் ஜேர்மனியிலேயே இதுபற்றிய விவாதம் எழுந்துள்ளது.

கொக் தந்த அறிவு முறையோ அவரது பிழைகளைக் கடந்து நிற்கின்றது. காய்ச்சலுடன் விடுதியில் அனுமதிக்கப்பட்டவரின் குருதியை எடுத்து வளர்ப்புக்கு அனுப்பி, வளர்வது எது, அது எந்த மருந்துக்கு அடங்கும் என அறிந்து சிகிச்சையைத் திருத்துவதே ஒழுங்கான மருத்துவம். உயிராபத்தான நிலையில் முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்குவது அவசியம். ஆனால் மாதிரியை எடுக்காமலேயே வலிய மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதும் பழக்கமும், மருந்துக் கடையில் வைத்தியரின் துண்டின்றி அவற்றை வாங்கி விழுங்கும் பழக்கமும் நம்மிடையே இருப்பதை மறுக்க இயலாது. பல மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் இன்று உலகின் பெரும் அச்சுறுத்தல். கொக் அறிவித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும், குணப்படுத்தக்கூடிய அந்நோயினால் ஆண்டுதோறும் பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கின்றனர்.

1910 ஏப்ரலில் பேர்லின் விஞ்ஞானக் கழகத்தில் கொக் ஆற்றிய இறுதி உரையும் காசநோய் பற்றியதே. சில நாட்களில் கடும் மாரடைப்பு அவரைத் தாக்கியது. ஓய்வுக்காகச் சென்ற பாடன் பாடன் நகரில் மே 27 ஆம் திகதி மாலை, தமது 66 ஆவது வயதில், அவர் காலமானார். அவரது விருப்பப்படி உடல் தகனம் செய்யப்பட்டு, சாம்பல் பேர்லின் நிறுவகத்திலேயே தனி மண்டபமொன்றில் வைக்கப்பட்டது.